வ உதட்டெழுத்தா, இல்லையா? அரை மார்க்கில் தொடங்கிய சண்டை

#1 தென்பெண்ணைக்கரை

காவேரிப்பட்டினத்திலிருந்து எழுதுகிறேன். மகள் எட்டாம் வகுப்பு. போன வாரத் தமிழ்த் தேர்வில் ‘உதட்டின் முயற்சியால் பிறக்கும் மெய்கள் எவை?’ என்று ஒரு கேள்வி. ப், ம், வ் என்று மூன்றையும் எழுதிவிட்டு வந்திருக்கிறாள். வ்-ஐச் சிவப்பு மையால் அடித்து அரை மார்க் குறைத்திருக்கிறார்கள். ‘வ சொல்லும்போது உதடு ஒட்டுதா பாரு’ என்று வகுப்பிலேயே கேட்டார்களாம். ஒட்டவில்லை என்று இவளும் தலையாட்டியிருக்கிறாள். வீட்டுக்கு வந்து ஒரே அழுகை.

அரை மார்க்குக்காக நான் பள்ளிக்கூடத்துப் படியேறப் போவதில்லை. ஆனால் இப்போது எனக்கே குழப்பம். நான் படித்தது வணிகவியல். தெரிந்தவர்கள் சொல்லுங்கள், வ உதட்டெழுத்தா இல்லையா?

#2 மானாவாரி

ஒட்டலையே. இப்பத்தான் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டே நாலு தடவை வ வ வ வ-ன்னு சொல்லிப் பாத்தேன். உதடு ஒட்டலை. மாடு மட்டும் திரும்பித் திரும்பிப் பாக்குது.

#3 ஓய்வூதியத்தமிழ்

தம்பி, குழந்தை எழுதியது சரி. நன்னூல் இதை இரண்டு நூற்பாவாகப் பிரித்தே சொல்கிறது. ‘மீகீழ் இதழுறப் பம்மப் பிறக்கும்’: மேலுதடும் கீழுதடும் பொருந்தினால் ப, ம. ‘மேற்பல் இதழுற மேவிடும் வவ்வே’: மேல்பல்லைக் கீழுதடு பொருந்தினால் வ. தொல்காப்பியரும் ‘இதழ் இயைந்து பிறக்கும் பகார மகாரம்’ என்று சொல்லிவிட்டு, அடுத்தபடியாக ‘பல் இதழ் இயைய வகாரம் பிறக்கும்’ என்கிறார். மூன்றுக்கும் இதழ் வேண்டும். ப, ம இரண்டிலும் இதழுக்குத் துணை இன்னோர் இதழ். வ-வில் துணைக்கு வருவது பல். கேள்வி ‘இதழ் ஒட்டும் எழுத்து எது’ என்றிருந்தால் திருத்தியவர் பக்கம் நியாயம் உண்டு. ‘உதட்டின் முயற்சி’ என்று கேட்டுவிட்டு வ-வை விட முடியாது.

இன்னொன்று. நம் இலக்கணத்தில் இடப்பிறப்பு வேறு, முயற்சிப் பிறப்பு வேறு. வல்லினமான ப-வுக்கு இடம் மார்பு, மெல்லினமான ம-வுக்கு மூக்கு, இடையினமான வ-வுக்குக் கழுத்து. உதட்டில் வந்து முடிகிற மூன்றும் மூன்று வேறு இடத்தில் புறப்படுகின்றன. 31 வருஷம் இதைக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். ‘ப எப்படிங்கய்யா நெஞ்சுல இருந்து வரும்?’ என்று கேட்ட பையன்களுக்கு மட்டும் ஒழுங்கான பதில் சொல்ல முடிந்ததில்லை. ‘நூலில் அப்படித்தான் இருக்கு, உட்காரு’ என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

#4 பேச்சுப்பயிற்சி

வணக்கம் ஐயா. தருமபுரியில் குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறேன். அந்தப் பையன்களுக்கு நான் பதில் சொல்லிப் பார்க்கட்டுமா?

ப சொல்லும்போது இரண்டு உதடும் மூடிக்கொள்ளும். அதே நொடியில் அண்ணத்தின் பின்பக்கம் இருக்கிற மென்மையான தசை எழும்பி மூக்குக்குப் போகிற வழியையும் அடைத்துவிடும். நுரையீரலிலிருந்து வருகிற காற்றுக்கு முன்வாசலும் இல்லை, மாடி வாசலும் இல்லை. வாய்க்குள் முட்டி நிற்கும். உதட்டைத் திறந்ததும் வெடித்துக்கொண்டு வெளியே வரும். அதனால்தான் இதை வெடிப்பொலி என்கிறோம். நெஞ்சில் கைவைத்து ‘அப்பா’ என்று அழுத்திச் சொல்லிப் பாருங்கள், ப்ப-வில் ஓர் உந்தல் தெரியும். பழையவர்கள் ‘மார்பு’ என்றது அந்த உந்தலாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

ம-வுக்கும் உதடு அப்படியேதான் மூடும், இம்மி வித்தியாசம் கிடையாது. ஆனால் பின்னால் அந்தத் தசை இறங்கி மூக்கு வழியைத் திறந்துவிடும். மூக்கைப் பிடித்துக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று இழுத்துப் பாருங்கள், சட்டென்று நின்றுவிடும். சளி பிடித்த பிள்ளை ‘மாமா’ என்றால் ‘பாபா’ மாதிரி கேட்பதும் இதனால்தான்.

எங்களிடம் வருகிற அண்ணப்பிளவுக் குழந்தைகளுக்குச் சிக்கல் நேர்மாறாக இருக்கும். உதடு நன்றாக மூடும், ஆனால் மேலே காற்று ஒழுகிவிடும். ‘பாப்பா’ என்று சொல்ல முயல்வார்கள், ‘மாம்மா’ போல வரும். மூக்குக்குக் கீழே சின்னக் கண்ணாடி பிடித்துப் பார்ப்போம். ம-வுக்குக் கண்ணாடி மங்கினால் சரி. ப-வுக்கும் மங்கினால் மேலே எங்கோ வழி அடைபடவில்லை என்று பொருள். உதட்டெழுத்து என்கிறோம், ஆனால் பாதிக் கோளாறு உதட்டிலேயே இருக்காது.

வ-வில் வாய் எங்கேயும் முழுசாக மூடுவதில்லை. மார்க் போனது அந்த இடத்தில்தான்.

#5 நிரல்பையன்

எல்லாரும் நன்னூலையே சொல்றீங்க. நான் செல்போனில் என் வாயை மெதுவோட்டத்தில் படம் எடுத்துப் பார்த்தேன். வ சொல்லும்போது என் மேல்பல் உதட்டைத் தொடவே இல்லை. கிட்டே வருது, அவ்வளவுதான். ‘உற’ என்றால் தொட வேணாமா? அப்புறம் இங்கிலீஷில் வேன் சொல்ற வ-வும் வாட்ச் சொல்ற வ-வும் வேற வேற என்று எங்க பயிற்சியில் தலையிலடித்துச் சொன்னாங்க. நமக்கு ரெண்டும் ஒரே வ. இதில் எது நன்னூல் வ?

#6 பேச்சுப்பயிற்சி

தம்பி நல்ல வேலை செய்திருக்கிறீர்கள். நம் வ அந்த இரண்டுமே இல்லை.

‘வேன்’ சொல்லும்போது இங்கிலீஷ்காரர் மேல்பல்லைக் கீழுதட்டில் வைத்து இடுக்கு வழியே காற்றைத் தேய்த்து விடுவார். உதட்டில் கூச்சம் எடுக்கிற மாதிரி அதிரும். அது உரசொலி. ‘வாட்ச்’ சொல்லும்போது பல்லுக்கு வேலையே இல்லை; இரண்டு உதடும் குவியும், நாக்கின் பின்பகுதியும் மேலே எழும். நம் ‘வா’வில் கீழுதடு பல்லுக்குக் கிட்டே போய் நிற்கும், உரசாது. உயிரெழுத்துப் போல வழுக்கிக்கொண்டு போகும். இடையினம் என்று பெயர் வைத்தவர்கள் எவ்வளவு கவனித்திருக்கிறார்கள் பாருங்கள்.

ஆக, ஓர் ஒலியை வகைப்படுத்த ‘எங்கே’ என்று மட்டும் கேட்டால் போதாது. எது எதோடு சேருகிறது, காற்று எப்படிப் போகிறது, தொண்டை அதிர்கிறதா, மூன்றையும் கேட்க வேண்டும். ப ஈரிதழ் வெடிப்பொலி. ம ஈரிதழ் மூக்கொலி. வ பல்லிதழ் அரையுயிர். தொண்டை அதிர்வுக்கு நம் எழுத்தில் தனி அடையாளம் கிடையாது. தொண்டையில் விரல் வைத்து ‘அப்பு’, ‘அம்பு’ என்று மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். எழுத்து ஒன்றுதான். ஆனால் அம்புவின் பு முழுக்க அதிரும், அப்புவின் ப்பு-வில் அதிர்வு நின்றுபோகும்.

ஃபேனில் வருகிற ஃப-வும் பல்லிதழ்தான், உரசொலி. தமிழில் பிறந்த ஒலி இல்லை என்பதால் ஆய்தத்தை ஒட்டுப்போட்டு எழுதுகிறோம்.

#7 மானாவாரி

எங்கூட்ல ஃப எல்லாம் கிடையாதுங்க. பேன்தான். தலையில இருக்கிறதும் பேன், மேல சுத்தறதும் பேன்.

எனக்கு ஒரு சந்தேகம். எங்கப்பனுக்கு மேல்வரிசைப் பல்லு ஒண்ணுகூட இல்ல. ஆனா ‘வாடா’ன்னா தெளிவாத்தான் கேக்குது. பல்லே இல்லாம வ எங்க இருந்து வருது?

#8 ஓய்வூதியத்தமிழ்

இந்தக் கேள்வியை 31 வருஷத்தில் ஒரு பையனும் கேட்கவில்லை! பவணந்தி முனிவரிடமும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பொக்கைவாய்க்கு எந்த நூற்பா? யாராவது வீட்டில் பார்த்துச் சொல்லுங்கள்.

#9 தென்பெண்ணைக்கரை

எங்கள் அம்மாவுக்குப் பல்செட்தான். ராத்திரி கழற்றி வைப்பார். பார்த்துச் சொல்கிறேன் ஐயா.

#10 ஹொசூர்க்காரி

எங்கள் வீட்டில் கன்னடம், தெருவில் தெலுங்கு, பள்ளியில் தமிழ் படித்தேன். ஓசூர்ப் பக்கம் இது சாதாரணம். இந்த இழையைப் படித்ததும் என் அவ்வா ஞாபகம் வந்துவிட்டது, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

தமிழில் பால். தெலுங்கில் பாலு. கன்னடத்தில் ஹாலு. பல் எங்களுக்கு ஹல்லு, புலி ஹுலி, பூ ஹூவு, பத்து ஹத்து, பள்ளி ஹள்ளி. எனக்குச் சின்ன வயதில் இது ஒரு விளையாட்டு. தமிழ்ச் சொல்லில் ப-வை எடுத்துவிட்டு ஹ போட்டால் பாதி நேரம் கன்னடம் வந்துவிடும். பழைய கன்னடக் கல்வெட்டுகளிலும் இவை ப-வில்தான் தொடங்கும். பின்னால்தான் ஹ ஆனது. உதடு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து, மூடாமல் ஊதி, கடைசியில் உதட்டின் வேலையே போய்த் தொண்டைக் காற்று மட்டும் மிஞ்சியது என்று மொழியியல் படித்த என் அண்ணி சொல்வார்.

இப்போது பென்னாகரத்துக்காரர்கள் கவனியுங்கள். ஹொகெ என்றால் கன்னடத்தில் புகை. ஹொகென கல்லு, புகைகிற பாறை. அருவி விழுகிற இடத்தில் எழும்புகிற நீர்த்திவலையைப் பார்த்து வைத்த பெயர். புகை, ஹொகெ இரண்டும் ஒரே சொல். முதலில் ப இருந்தது. கன்னடத்தில் உதடு போய் ஹ ஆனது. தமிழ்வாய்க்கு அந்த ஹ-வும் வேண்டாம் என்று ஆகி ஒகேனக்கல் ஆகிவிட்டது. எங்கள் ஊர் கதையும் அதேதான். பழங்கன்னடப் பொச, பிறகு ஹொச, அதாவது புதுசு. ஹொச ஊரு, ஓசூர். இரண்டு ஊர்ப் பெயரிலும் முதல் உதட்டெழுத்து காணாமல் போயிருக்கிறது.

ஆனால் எல்லா ப-வும் போகவில்லை. உப்பு எங்களுக்கும் உப்புதான். அப்பாவும் அப்பதான். நெய் துப்ப. உதட்டை நெருக்கிப் பிடிக்கிற இரட்டை ப அசையவே இல்லை, சொல்லின் முதலில் தனியாக நின்ற ப-தான் கழன்றுகொண்டது.

வ-வுக்கு எதிர்த்திசையில் நடந்தது. தமிழ் ‘வா’ எங்களுக்கு ‘பா’, அம்புவில் வருகிற அதிர்கிற ப. வில் பில்லு, வெள்ளி பெள்ளி, வேர் பேரு, வாழை பாளெ. பல்லில் லேசாக நின்ற உதடு போய் இன்னோர் உதட்டோடு கெட்டியாக ஒட்டிக்கொண்டது. வ உதட்டெழுத்து இல்லையென்றால் இது எப்படி நடக்கும்? எங்கள் அவ்வா வாசலில் நின்று ‘பா, பா’ என்று கூப்பிட்டால் பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பிள்ளைகள் ‘யார் பாட்டி அப்பா?’ என்று கேட்பார்கள்.

#11 நிரல்பையன்

அக்கா, செம. இதே கதை ஜப்பானிலும் இருக்கு. ஓசூர் கம்பெனிகளில் வேலைக்கு உதவும் என்று ஜப்பானியம் கொஞ்சம் படிச்சேன். அவங்க எழுத்து வரிசை ஹ, ஹி, ஃபு, ஹெ, ஹொ. நடுவில் ஏன் ஒரு ஃபு என்று மண்டை காய்ஞ்சேன். பழங்காலத்தில் அந்த வரிசை முழுக்க ப-வாம். அது தளர்ந்து ஊதல் ஆகி, பிறகு ஹ ஆயிருக்கு. உ-வுக்கு முன்னால் மட்டும் உதடு எப்படியும் குவியணும் இல்லையா, அதனால் ஊதல் அங்கேயே நின்னுடுச்சு. ஃபுஜி மலை சொல்லும்போது அவங்க பல்லை உபயோகிக்கவே மாட்டாங்க. ரெண்டு உதட்டையும் கிட்டே வைத்து, அடுப்பு ஊதற மாதிரி. கன்னடம் கடந்துபோன நடுவழியில் அந்த ஒரு எழுத்து இன்னும் உட்கார்ந்திருக்கு.

வ உதட்டெழுத்துதான், ஒத்துக்கறேன். ‘உற’ விஷயத்தில் மட்டும் இன்னும் சந்தேகம்.

#12 வழித்தடம்

நான் பஸ்ஸில் கண்டக்டர். வாயில் விசில் இருக்கும்போது எந்த ஊர்ப் பெயரைக் கூவ முடியும் என்பது எனக்குத்தான் தெரியும். பாப்பிரெட்டிப்பட்டிக்கு உதடு மூன்று முறை மூடணும், விசிலை எடுக்காமல் நடக்காது. பாப்பாரப்பட்டியும் மூன்று. போச்சம்பள்ளி இரண்டு. தருமபுரி இரண்டு. கிருஷ்ணகிரிக்கு ஒன்றுகூட இல்லை! விசிலைப் பல்லில் கடித்துக்கொண்டே ‘கிருஷ்ணகிரி கிருஷ்ணகிரி’ என்று கத்தலாம். அரூர், ஊத்தங்கரை, ஓசூர், ஒகேனக்கல் எல்லாம் சுலபம்.

வெற்றிலை போட்ட பெரியவர்கள் டிக்கெட் கேட்பதும் இதே கஷ்டம்தான். எச்சில் வழியாமல் இருக்க முகவாயைத் தூக்கிக்கொண்டு, உதட்டை மூடாமல் ‘...ா...ாரட்டட்டி’ என்பார்கள். பாப்பாரப்பட்டி என்று நாமாகப் புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

திருக்குறளில் உதடே ஒட்டாத குறள் ஒன்று இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வந்ததே, அது உண்மையா ஐயா?

#13 ஓய்வூதியத்தமிழ்

உண்மை, ஆனால் முக்கால் உண்மை. துறவு அதிகாரத்தின் முதல் குறள்: ‘யாதனின் யாதனின் நீங்கியான் நோதல் அதனின் அதனின் இலன்’. தேடிப் பாருங்கள், ப, ம, வ எதுவும் இல்லை. அதே அதிகாரத்தின் கடைசிக் குறள் ‘பற்றுக பற்றற்றான் பற்றினை’ என்று போகிறது. அதில் நான் எண்ணியவரை உதடு ஆறு முறை மூடுகிறது, ‘விடற்கு’ என்னும் இடத்தில் ஒருமுறை பல்லைத் தேடிப் போகிறது. விடுவதைச் சொல்லும் குறளில் உதடு விலகி நிற்கிறது, பற்றச் சொல்லும் குறளில் ஒட்டுகிறது என்று மேடையில் பேசுபவர்கள் கைதட்டு வாங்குவார்கள். வள்ளுவர் எண்ணித்தான் செய்தாரா என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

முக்கால் உண்மை என்றதற்குக் காரணம் ‘நோதல்’. நிரோட்டகம் என்னும் சித்திரகவிக்கு இரண்டு விதி: இதழ் ஒட்டவும் கூடாது, குவியவும் கூடாது. உ, ஊ, ஒ, ஓ, ஔ ஐந்தும் இதழ் குவிந்து பிறப்பவை. ஆக ‘நோ’ விதியை மீறுகிறது. துறைமங்கலம் சிவப்பிரகாசர் திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதி என்று ஒரு நூலே இந்தக் கட்டுக்குள் நின்று பாடியிருக்கிறார். யமகமும் (அதே எழுத்துகள் வேறு பொருளில் திரும்பத் திரும்ப வருவது) வேண்டும், உதடும் அசையக் கூடாது. நினைத்தாலே எனக்கு வாய் வலிக்கிறது.

அந்த விதிப்படி பார்த்தால் கண்டக்டர் தம்பியின் பட்டியல் தேறாது. கிருஷ்ணகிரியில் ‘ரு’, அரூரில் ‘ரூ’, ஓசூரில் இரண்டு இடம், ஒகேனக்கல்லில் முதல் எழுத்தே குவிகிறது. தளியும் அஞ்செட்டியும் தேறும்.

#14 வழித்தடம்

அஞ்செட்டி ரூட்டுக்கு மாற்றல் கேட்கிறேன்.

#15 மானாவாரி

ஐயா, உதடு குவியறதுன்னு சொன்னீங்களே. எங்க பக்கம் வீட்டை வூடுங்கறோம், பெண்ணைப் பொண்ணுங்கறோம், பிடியைப் புடிங்கறோம். மிளகாய் மொளகா. பெட்டி பொட்டி. இதுக்காக ஸ்கூல்ல எவ்வளவு அடி வாங்கினேன் தெரியுமா. இதுவும் உதட்டு வேலைதானா?

#16 ஹொசூர்க்காரி

ஓ! இதை நான் யோசித்ததே இல்லை. எல்லாமே ப, ம, வ-வில்தான் தொடங்குகிறது.

#17 ஓய்வூதியத்தமிழ்

அதுதான் காரணமும். ‘கிளி’ குளி ஆவதில்லை, ‘செடி’ சொடி ஆவதில்லை. ‘பிடி’தான் புடி ஆகிறது. முன்னால் உதட்டெழுத்து, பின்னால் ட, ண, ள, ழ போல நாக்கு மடியும் எழுத்து, நடுவில் குறுகிய இ அல்லது எ மாட்டிக்கொண்டால் உதட்டின் குவிவு அதன்மேலும் படிந்துவிடும். இ உ ஆகும், எ ஒ ஆகும். சில சொல்லில் நெடிலும் தப்பாது, உங்கள் வூடு அப்படித்தான். இதில் வ-வும் ப, ம-வோடு ஒரே அணியில் நிற்பதைக் கவனியுங்கள். திருத்தியவருக்குக் காட்ட இதைவிட நல்ல சான்று எனக்குத் தோன்றவில்லை. எழுத்தில் ‘வீடு’ என்றுதான் எழுத வேண்டும், அதில் மாற்றமில்லை. ஆனால் அடித்தது தப்பு தம்பி. என் மாணவராக இருந்திருந்தால் மன்னிக்கவும்.

‘ஒன்பது’ பேச்சில் ‘ஒம்பது’ ஆவதும் இதே குடும்பம். அடுத்து ப வரப்போகிறது என்று உதடு முன்கூட்டியே மூடிக்கொள்கிறது, ன் ம் ஆகிவிடுகிறது. இழை தொடங்கியவர் தன் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கட்டும். தெம்பெண்ணை என்றுதான் வரும்.

#18 மானாவாரி

வானத்தை நாங்க மானம்ங்கறதும் இதானா? மானம் பாத்த பூமி. மழை இல்லேன்னா ராகி இல்ல, அதனால தினமும் சொல்ற வார்த்தை அது.

#19 பேச்சுப்பயிற்சி

ஆமாம் அண்ணா. வானத்தில் அடுத்து ன வருகிறது. மூக்கு வழி சீக்கிரமே திறந்துவிட்டால் வ-வும் மூக்கொலியாகி ம ஆகிவிடும். உதடு இருந்த பக்கமே இருக்கிறது, காற்றுதான் பாதை மாறியது.

காது கேளாத பிள்ளைகளின் பெற்றோர் யாராவது படித்தால் அவர்களுக்காக ஒன்று. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிற பிள்ளைக்கு ‘பணம்’, ‘மணம்’ இரண்டும் ஒன்றுதான், வித்தியாசம் மூக்குக்குள்ளே நடப்பதால் கண்ணுக்குத் தெரியாது. ‘வனம்’ மட்டும் தெரியும், பல் எட்டிப் பார்க்கும். அதனால் ‘படி’, ‘மடி’ மாதிரிச் சொற்களைத் தனியாகச் சொல்லாமல் வாக்கியத்தில் வைத்துச் சொல்லுங்கள்.

#20 தென்பெண்ணைக்கரை

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி சோதனை நடந்தது. மகள் டார்ச் பிடித்தாள், நான் செல்போன், அம்மா கட்டிலில்.

பல்செட்டோடு ‘வா’ சொன்னபோது கீழுதடு மேல்பல் பக்கம் போனது. மெதுவோட்டத்தில் பார்த்தால் ஒரு தடவை தொட்டது, இரண்டு தடவை தொடவில்லை. நிரல்பையனுக்கும் நன்னூலுக்கும் பாதிப் பாதி. பல்செட்டைக் கழற்றிவிட்டுச் சொன்னபோது கீழுதடு பல்லைத் தேடிப் போய், அது இல்லாததால் மேலுதட்டுக்கே கிட்டே போய் நின்றது. ஒட்டவில்லை, நடுவில் சின்ன இடைவெளி, அதில் காற்று. காதுக்கு அதே வ-தான். ஃபுஜி மலைக்குப் பக்கத்து ஊர் மாதிரி இருக்கிறது. மானாவாரி அண்ணா, உங்கள் அப்பாவும் இப்படித்தான் செய்கிறார் என்று நினைக்கிறேன்.

மகள் நோட்டில் ‘பல் உள்ள பாட்டி, பல் இல்லாத பாட்டி’ என்று தலைப்புப் போட்டு இரண்டு வாய் வரைந்து வைத்திருக்கிறாள். திங்கட்கிழமை வகுப்பில் காட்டப் போகிறாளாம். அம்மா மட்டும் திட்டிக்கொண்டே இருந்தார். ‘அரை மார்க்குக்கு என் வாயைப் புடுங்கிப் பாக்கறீங்களே, வூட்ல வேற வேலை இல்லையா?’ பல்செட் அப்போது கிண்ணத்தில் இருந்தது. டார்ச்சை அணைக்காமல் மகள் கேட்டாள், ‘பாட்டி, வூட்ல-ன்னு இன்னொரு தடவை சொல்லு.’